ப்ரீஆம்பை மட்டும் மாற்றினால் போதுமா?

எலெக்ட்ரிக் கிட்டாருக்கு ஆம்ப் தேடுகிறவருக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது வால்வு ஆம்ப். 1950களில் வகுத்த சுற்றமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. கனமான டிரான்ஸ்ஃபார்மர்கள், சூடேறும் கண்ணாடிக் குழல்கள், ஒரு பெட்டிக்கு ஒரு குரல். இரண்டாவது டிஜிட்டல் மாடலர். பல நூறு ஆம்ப்களின் நடத்தையைக் கணக்காக எழுதி ஒரு சிப்பில் ஓட்டும் கருவி அது. மூன்றாவது வழியைப் பற்றித்தான் அதிகம் பேசப்படவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு உலோகப் பெட்டி, அதற்குள் இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வுகள், முகப்பில் வரிசையாகக் குமிழ்கள், பின்புறம் ஒரு கனெக்டர். தாய்ப் பெட்டியின் குழியில் செருகினால் அது ஒரு சோல்டானோ. உருவிவிட்டு இன்னொன்றைச் செருகினால் ஒரு ஃப்ரீட்மன், ஒரு போக்னர், ஒரு டீஸல். கலிஃபோர்னியாவின் சினர்ஜி நிறுவனம் 2017 முதல் விற்றுவரும் மாட்யூலர் ப்ரீஆம்ப் இது. ‘எது நன்றாக ஒலிக்கிறது’ என்று இந்த மூன்றையும் மோதவிடும் விவாதத்துக்கு முடிவே இல்லை. ஒவ்வொன்றும், ஆம்பின் குரல் எந்த இடத்தில் பிறக்கிறது என்பது குறித்து ஒரு பந்தயம் கட்டியிருக்கிறது. அந்தப் பந்தயம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்ப்பதே பயன் தரும். மாட்யூலர் முறையின் பந்தயம் இது: குரல், சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்பில் இருக்கிறது, பவர் ஆம்ப், ஸ்பீக்கர் என்ற மற்றதெல்லாம் பொதுச் சாமான். சில ஆம்ப்களுக்கு இது கிட்டத்தட்ட முழு உண்மை. புகழ்பெற்ற பழைய ஆம்ப்கள் பலவற்றுக்குப் பாதி உண்மைகூட இல்லை.

பந்தயத்துக்கு எதிரான சாட்சி ராக் இசையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1962-ல் மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் வாத்தியக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களான கென் பிரானும் டட்லி கிரேவனும் சொந்தமாக ஒரு ஆம்ப் செய்ய இறங்கினார்கள். அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகும் ஃபெண்டர் ஆம்ப்கள் வாடிக்கையாளர்களின் கைக்கு எட்டாத விலையில் இருந்தன. அவர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது ஃபெண்டர் பேஸ்மன் 5எஃப்6-ஏ. உண்மையில் அது பேஸ் கிட்டாருக்கான ஆம்ப். அதன் சுற்றமைப்பை ஏறத்தாழ அப்படியே நகலெடுத்துப் பிறந்ததுதான் ஜேடிஎம்45. வரைபடங்களை அடுத்தடுத்து வைத்தால் ப்ரீஆம்ப் பகுதியில் சொல்லத்தக்க வேறுபாடு ஒன்றுதான்: பேஸ்மனின் முதல் வால்வு 12ஏஒய்7, மார்ஷலில் இசிசி83. முன்னதன் பெருக்கக் காரணி 44 அளவில், பின்னதன் காரணி 100. மிச்ச மாற்றமெல்லாம் பின்பாதியில், அதாவது பவர் ஆம்பிலும் ஸ்பீக்கரிலும்தான். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் லண்டனில் கிடைத்த ரேடியோஸ்பேர்ஸ் சரக்கு. முதுகு திறந்த பெட்டியில் நான்கு பத்து அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள் இருந்த இடத்தில், முதுகு மூடிய பெட்டியில் நான்கு பன்னிரண்டு அங்குல செலஸ்டியன்கள். ஒன்று பளிச்சென்ற அமெரிக்கக் குரல், மற்றொன்று பிரிட்டிஷ் ராக்கின் கரகரப்பு. இன்று ஒருவர் பேஸ்மனுக்கு ஒரு மாட்யூலும் ஜேடிஎம்45-க்கு ஒரு மாட்யூலும் செய்து ஒரே பவர் ஆம்பில், ஒரே ஸ்பீக்கரில் ஓட்டினால் அறுபது ஆண்டுகளாக நாம் அறிந்த வேறுபாட்டில் பெரும்பகுதி காணாமல் போகும்.

அந்தப் பின்பாதியில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அறுபதுகளின் ஆம்ப்களில் ஒலியளவை உச்சத்துக்குத் திருப்பினால்தான் டிஸ்டார்ஷன் வந்தது. பெரும்பாலும் அது கடைசியில், பவர் வால்வுகளும் அவற்றுக்கு முந்தைய ஃபேஸ் இன்வெர்ட்டரும் திணறும் இடத்தில் உண்டாயிற்று. வாக்ஸ் ஏசி30-ஐ எடுத்துக்கொள்ளலாம். நான்கு இஎல்84 வால்வுகள், ஒட்டுமொத்த எதிர்மறைப் பின்னூட்டம் கிடையாது, மின்சாரத்தை நேராக்குவதற்கும் ஒரு வால்வுதான். பலமாக ஒரு கார்டை அடித்தால் அந்த ரெக்டிஃபயரால் கேட்ட மின்னோட்டத்தைத் தர முடியாமல் வோல்டேஜ் சற்றே தாழ்ந்து, பிறகு மெல்ல ஏறும். காதுக்கு அது முதலில் ஒரு அமுக்கமாகவும் பின்பு ஒரு மலர்ச்சியாகவும் படுகிறது. வாசிப்பவர்கள் ‘ஆம்ப் மூச்சு விடுகிறது’ என்பது இதைத்தான். ஸ்பீக்கரும் சும்மா இருப்பதில்லை. 8 ஓம் என்று முத்திரை குத்தியிருந்தாலும் அந்த எட்டு ஓம் நடுஸ்தாயியில் ஒரு குறுகிய பகுதிக்குத்தான் பொருந்தும். கீழே, 75 முதல் 110 ஹெர்ட்ஸுக்குள் எங்கோ இருக்கும் ஒத்ததிர்வுப் புள்ளியில் அது பல மடங்கு ஏறுகிறது. மேலே உயர் அதிர்வெண்களிலும் ஏறிக்கொண்டே போகிறது. டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் இந்த மேடுபள்ளத்தைச் சட்டை செய்வதில்லை. பின்னூட்டம் குறைவான வால்வு பவர் ஆம்போ அதே மேடுபள்ளத்தைத் தன் ஒலியில் வரைந்துகொள்கிறது: அடியில் ஒரு புடைப்பு, உச்சியில் ஒரு பளபளப்பு. பெயர்ப்பலகையில் வாக்ஸ் என்று எழுதிய ப்ரீஆம்பைச் செருகியவருக்கு இவற்றில் எதுவும் கூடவே வந்துவிடாது.

இத்தோடு வழக்கை முடித்திருந்தால் மாட்யூலர் ப்ரீஆம்ப் என்ற யோசனையே யாருக்கும் வந்திருக்காது. ஆனால் எழுபதுகளில் டிஸ்டார்ஷன் இடம் மாறத் தொடங்கியது. மேசா பூகியின் ராண்டால் ஸ்மித் (பின்னால் வரப்போகும் ராண்டால் நிறுவனத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) ஃபெண்டரின் சிறிய பிரின்ஸ்டன் ஆம்ப்களைப் பிரித்து மாற்றியமைத்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையிலிருந்து, ப்ரீஆம்பில் கூடுதலாக ஒரு பெருக்கு நிலையைச் சேர்த்து, நடுவில் ஒரு கெயின் குமிழையும் கடைசியில் ஒரு மாஸ்டர் வால்யூமையும் வைக்கும் வழிக்கு வந்தார். ஒரு வால்வு அடுத்த வால்வைத் திணறடிக்கும். இறுதி ஒலியளவோ வாசிப்பவர் கையில். மார்ஷல் 1975-ல் கொண்டுவந்த 2203-ம் இதே திசையில் நடந்தது. 1987-ல் மைக் சோல்டானோவின் எஸ்எல்ஓ-100 வந்தபோது இடமாற்றம் முழுமையடைந்தது. ஒரு சிறு உதிரிப் பாகத்தைப் பார்த்தாலே இந்த வரலாறு விளங்கும். ட்ரயோடு வால்வின் கேதோடில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். வால்வு எந்த நிலையில் ஓய்ந்து நிற்கிறது என்பதை அது தீர்மானிக்கிறது. வழக்கமான மதிப்பு 1,500 ஓம் அல்லது 2,700 ஓம். 2203-ன் இரண்டாம் நிலையில் அது 10,000 ஓம். எஸ்எல்ஓ-வில் 39,000 ஓம். மதிப்பு ஏற ஏற வால்வு கிட்டத்தட்ட அணைந்த நிலையில் நிற்கிறது. அலையின் ஒரு பாதி போகிறபோக்கில் வெட்டுப்பட, மறுபாதி தப்பிக்கிறது. நவீன ஹை-கெயின் ஒலியின் கடிக்கும் தன்மை பெருமளவு இந்த ஒற்றை ரெசிஸ்டரிலிருந்து வருகிறது. மேசாவின் டூயல் ரெக்டிஃபயரிலும் அதே இடத்தில் அதே 39,000 ஓம் உட்கார்ந்திருக்கிறது. இத்தகைய ஆம்பில் குரலின் அடையாளம் பவர் வால்வை எட்டுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

ஆகவே எண்பதுகளில் ப்ரீஆம்பைத் தனியே பிரித்தெடுக்கும் முயற்சிகள் தொடர்ந்து வந்ததில் வியப்பில்லை. பிக்கப் தயாரிப்பில் பெயர்பெற்ற செய்மூர் டங்கன், எண்பதுகளின் நடுவில் கன்வெர்ட்டிபிள் என்ற ஆம்பில் செருகிக் கழற்றும் மாட்யூல்களை வைத்துப் பார்த்தார். 1987-ல் வந்த ஏடிஏ எம்பி-1, வால்வு ப்ரீஆம்பை மிடி வழியாக ஆட்டுவித்தது. காலால் ஒரு பொத்தானை அழுத்தினால் சேமித்துவைத்த அமைப்பு மாறியது. பின்னால் மார்ஷல் ஜேஎம்பி-1, மேசா ட்ரையாக்ஸிஸ் வந்தன. குளிர்சாதனப் பெட்டி உயரத்துக்கு ரேக்குகளை அடுக்கிக்கொண்டு மேடையேறிய காலம் அது. தொண்ணூறுகளில் ரசனை மாறியதும் அந்த அடுக்குகள் சரிந்தன. மாட்யூல் யோசனை பிழைத்ததற்குக் காரணம் புரூஸ் எக்நேட்டர். தன் பெயரில் சிறிய அளவில் செய்துவந்த முறையை ராண்டால் நிறுவனத்துக்குக் கொடுத்து, 2000களில் எம்டிஎஸ் என்ற பெயரில் அதைப் பரவலாக்கினார். ராண்டால் பின்னர் அதைக் கைவிட்டது. சினர்ஜியின் வடிவமைப்பிலும் எக்நேட்டரின் கை உண்டு. ஆனால் இம்முறை புதிதாக ஒன்று நடந்தது. மாட்யூலின் மேல் எழுதியிருக்கும் பெயர்களுக்கு உரிய வடிவமைப்பாளர்களின் ஒப்புதலோடே அவை வருகின்றன. போட்டி நிறுவனங்கள் ஒரே குழிக்குள் நுழையச் சம்மதித்தது ஆம்ப் தொழிலில் அடிக்கடி நடக்கும் சங்கதி இல்லை.

சரி, ஒரு சோல்டானோ மாட்யூலில் அசல் சோல்டானோ எவ்வளவு இருக்கிறது? எண்ணிப் பார்த்தால் தெரியும். 12ஏஎக்ஸ்7 என்ற ஒரு குழலுக்குள் இரண்டு ட்ரயோடுகள். மாட்யூலில் இரண்டு குழல்கள், எனவே நான்கு ட்ரயோடுகள். எஸ்எல்ஓ-வின் லீட் சேனலில் நான்கு பெருக்கு நிலைகளும் அவற்றுக்குப் பின் கேதோடு ஃபாலோயராக ஒன்றுமாக ஐந்து ட்ரயோடுகள் வேண்டும். நான்கில் ஐந்தை அடக்க வேண்டுமானால் ஏதோ ஒரு வேலையை வால்வு அல்லாத ஒன்றிடம் ஒப்படைத்தாக வேண்டும், அல்லது சுற்றமைப்பைத் திருத்தியாக வேண்டும். ‘அசலே உள்ளே இருக்கிறது’ என்ற விளம்பரத்தைக் கேட்கும்போது இதை மறக்கக் கூடாது: உள்ளே இருப்பது அசலை நன்கு அறிந்தவர் எழுதிய சுருக்கம். அதே சமயம் அந்தச் சுருக்கத்தில் மெய்யானவை பல உண்டு. ஒரு நிலையின் வெளியீடு அடுத்த வால்வின் கிரிட்டை நேர்மறை வோல்டேஜுக்குத் தள்ளும்போது கிரிட்டில் மின்னோட்டம் பாய்ந்து, இடையிலுள்ள கெபாசிட்டர் சார்ஜ் ஏறிக்கொள்கிறது. அது வடியும்வரை, சில மில்லி செகண்டுகளுக்கு, வால்வின் ஓய்வு நிலையே நகர்ந்துவிடுகிறது. அதனால் பலமாக அடித்த சுரத்துக்கும் அதைத் தொடர்ந்த மெல்லிய சுரத்துக்கும் வேறு வேறு தன்மை. முந்தின கணத்தின் நினைவு அடுத்த கணத்தில் தங்குகிறது. மாட்யூலில் இது போலச்செய்தல் இல்லை. கெபாசிட்டரும் வால்வும் சேர்ந்து நிஜமாகச் செய்வது. தாய்ப் பெட்டி முறையான உயர் வோல்டேஜைக் கொடுப்பதால், பெயருக்கு ஒரு வால்வை வைத்துக் குறைந்த வோல்டேஜில் ஓட்டும் மலிவு பெடல்களோடு இதைச் சேர்த்துப் பேசுவதும் சரியாகாது.

ஹை-கெயின் ஒலிக்குப் பவர் ஆம்ப் ஒரு பொருட்டே இல்லை, ப்ரீஆம்ப் மட்டும் போதும் என்று வாதிடுவோர் உண்டு. முக்கால் பங்கு ஒத்துக்கொள்ளலாம். டிஸ்டார்ஷனின் பருக்கை, அழுத்தம், சுரம் நீளும் விதம் எல்லாம் முன்பாதியில் தீர்மானமாகிவிடுகின்றன என்பது சரி. ஆனால் கார்டை உள்ளங்கையால் அமுக்கி அடிக்கும்போது வயிற்றில் வந்து இடிக்கிற அந்த ‘தும்’ ஒலி, பவர் ஆம்பும் ஸ்பீக்கரின் ஒத்ததிர்வும் சேர்ந்து தருவது. பிரெசன்ஸ் குமிழ், டெப்த் குமிழ் இரண்டும் வேலை செய்வது பவர் ஆம்பின் பின்னூட்டச் சுற்றில்தான். ப்ரீஆம்பைப் பிரித்தெடுக்கும்போது அவை பின்தங்கிவிடுகின்றன. பவர் ஆம்பில் நெகிழ்வு இருக்கும் ஆம்புக்கும் இறுக்கமான ஆம்புக்கும் மெட்டல் வாசிப்பவர்களே வேறுபாடு சொல்வார்கள். நடைமுறையில் இதன் விளைவு இப்படித்தான்: ஒரே வால்வு பவர் ஆம்ப், ஒரே கேபினெட்டில் நான்கு மாட்யூல்களை மாற்றி மாற்றி வாசித்தால் நான்குக்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகளின் முகச்சாயல் வந்துவிடுகிறது. இதை நான் குறையாக எண்ணவில்லை. ஒரே நிகழ்ச்சியில் மூன்று நான்கு குரல்கள் தேவைப்படுகிற கலைஞருக்கு அவை ஒன்றோடொன்று ஒட்டி வருவது நல்லதே. ஆனால் நான்கு தனித்தனி ஆம்ப்கள் வாங்கிய பலனை எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றம்தான்.

டிஜிட்டல் மாடலரின் பந்தயம் இதற்கு நேர் எதிரானது: எங்கே பிறந்தாலும் சரி, முழுச் சங்கிலியையும் கணக்காக எழுதிவிடலாம். லைன் 6 நிறுவனத்தின் பாட் 1998-ல் வந்தபோது அந்தக் கணக்கு பொத்தலாகத்தான் இருந்தது. அதில் ஒரு பொத்தலைக் காதாலேயே பிடிக்கலாம். டிஸ்டார்ஷன் என்பது மூல சுரத்தின் மடங்குகளைப் புதிதாக உண்டாக்குவது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் கருவியால் 24,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் எழுத முடியாது. அதைத் தாண்டிய மடங்குகள் மறைந்துபோகாமல் கீழே மடங்கித் திரும்புகின்றன. முதல் தந்தியின் இருபதாவது கட்டையில் ஒலிக்கும் சுரம் ஏறத்தாழ 1,050 ஹெர்ட்ஸ். அதன் 45-ஆவது மடங்கு 47,250. அது மடங்கி 750 ஹெர்ட்ஸில் வந்து விழுகிறது. தந்தியைச் சற்றே வளைத்துச் சுரத்தை 1,060-க்கு ஏற்றினால் அந்தப் போலிச் சுரம் 300-க்கு இறங்குகிறது. விரல் மேலே போகும்போது அடியில் ஏதோ ஒன்று கீழே வழுக்கும். அளவில் அது மிகச் சிறியதுதான் என்றாலும் எந்த வால்விலும் நடக்காத காரியம் என்பதால் காது அதை அந்நியமாக உணர்ந்தது. கணக்கிடும் வேகத்தைப் பல மடங்கு உயர்த்தி, மடங்கி வருபவற்றை வடிகட்டும் வழி நெடுநாளாகத் தெரிந்ததே. அதற்கு வேண்டிய சிப்கள் மலிவாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2006-ல் ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011-ல் கெம்பர், 2015-ல் ஹீலிக்ஸ் என்று அடுத்தடுத்து வந்தவை அந்தப் பொத்தல்களை ஒவ்வொன்றாக அடைத்தன. பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019, 2020-இல் வெளியிட்ட கட்டுரைகளில், வால்வு ஆம்பின் நடத்தையைக் கற்றுக்கொண்ட நியூரல் நெட்வொர்க்கைச் சாதாரணக் கணினியிலேயே உடனுக்குடன் ஓட்டிக் காட்டினார்கள். கேட்புச் சோதனையில் அவற்றுள் சிறந்தவை அசலுக்கு மிக நெருங்கி நின்றன.

டிஜிட்டலுக்கு எதிராக இன்னமும் சொல்லப்படும் தாமதக் குற்றச்சாட்டு வலுவற்றது. இன்றைய நல்ல மாடலர் ஒன்றில் உள்ளே போன சிக்னல் வெளியே வரச் சில மில்லி செகண்டுகள் ஆகும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஆவது ஏறத்தாழ மூன்று மில்லி செகண்டு. கேபினெட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று வாசிப்பவர் ஒன்பது மில்லி செகண்டைப் பொறுத்துக்கொண்டு எந்தப் புகாரும் சொல்வதில்லை. வால்வுக்கு ஆதரவாகக் காட்டப்படும் ஒரு பழைய சான்றையும் கவனத்தோடு கையாள வேண்டும். ரஸ்ஸல் ஹாம் 1973-ல் ஆடியோ பொறியியல் கழகத்தின் இதழில் எழுதிய கட்டுரையை, ‘வால்வு இரட்டை மடங்குகளைத் தருகிறது, டிரான்சிஸ்டர் ஒற்றை மடங்குகளைத் தருகிறது, இரட்டையே இனிமை’ என்று சுருக்கி மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அவர் ஆராய்ந்ததோ ஸ்டூடியோ மைக் ப்ரீஆம்ப்கள், அதுவும் அளவுமீறிய சிக்னலில் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதை. கிட்டார் ஆம்பின் பவர் வால்வுகள் ஜோடியாக எதிரெதிரே இழுக்கும் அமைப்பில் இரட்டை மடங்குகளில் பெரும்பகுதி ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கிறது. வால்வின் மேன்மையை இரட்டை மடங்கில் தேடுவது தவறான கதவைத் தட்டுவது.

அப்படியானால் மாட்யூலுக்கு என்ன வேலை மிச்சமிருக்கிறது என்று டிஜிட்டல் தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி. நான் பார்க்கும் பதில் குமிழ்களில் இருக்கிறது. கெம்பரும் அதைப் பின்பற்றிய பிற பதிவு முறைகளும் ஓர் ஆம்பை, குமிழ்கள் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கும்போது படம் பிடிக்கின்றன. அந்த நிலையில் நகல் அபாரமாக இருக்கும். அங்கிருந்து கெயினைத் திருப்பினால் அசல் ஆம்ப் போகும் பாதையில் நகல் போவதில்லை. ஏனெனில் அசலில் கெயின் குமிழ் ஒலியளவை மட்டும் மாற்றவில்லை, உயர் அதிர்வெண்கள் எவ்வளவு கசிகின்றன, எந்த வால்வு முதலில் திணறுகிறது என்பதையும் சேர்த்தே மாற்றுகிறது. ஃபெண்டர், மார்ஷல் வகை டோன் ஸ்டாக்கில் பாஸைத் திருப்பினால் நடுஸ்தாயியும் நகரும்; மூன்று குமிழ்களும் ஒன்றின் காலை மற்றொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். மாட்யூலில் இவை எல்லா நிலைகளிலும் தானாகவே சரியாக நடக்கின்றன. யாரும் கணக்கெழுத வேண்டியதில்லை. சுற்றமைப்பை உறுப்பு உறுப்பாக மாதிரியமைக்கும் ஃப்ராக்டல், லைன் 6 போன்றவர்களின் முறை இந்தக் குறையைப் பெரிதும் தாண்டிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குமிழ்களின் நிலையையும் சேர்த்துக் கற்கும் நியூரல் மாதிரிகள் வந்துவிட்டன. மாட்யூலின் இந்த அனுகூலம் ஆண்டுக்காண்டு சுருங்கி வருகிறது. வெறும் ஒலியை மட்டும் வைத்து வழக்காடினால் அது நாளைக்குத் தோற்கும்.

ஒலியை விட்டுவிட்டுப் பொருளாதாரத்துக்கு வந்தால் மாட்யூலுக்குச் சாதகமாகப் பேச இன்னும் இருக்கிறது. உலகின் வால்வு உற்பத்தி இன்று பெரும்பாலும் மூன்று நாடுகளை நம்பி நிற்கிறது: ரஷ்யாவின் சரத்தோவ் நகர ஆலை, ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, சீனத் தொழிற்சாலைகள். 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடையால் சரத்தோவ் சரக்கு நின்றபோது உலகமெங்கும் வால்வு விலை ஏறியது. பிறகு வரத்து மீண்டது, பயம் மீளவில்லை. இந்த நெருக்கடி அதிகம் தாக்குவது பவர் வால்வுகளை. தொடர்ந்து மேடையேறுகிறவர் அவற்றை ஓரிரு ஆண்டுகளுக்கொருமுறை மாற்ற வேண்டும். ப்ரீஆம்பின் 12ஏஎக்ஸ்7-ல் மின்னோட்டம் சொற்பம். பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். மாட்யூலை டிரான்சிஸ்டர் பவர் ஆம்போடு இணைப்பவர் வால்வு ஆம்பின் நீண்டநாள் உழைக்கும் பாதியை வைத்துக்கொண்டு, தேய்ந்துபோகும் பாதியை, கனமான பாதியை, கைவிடுகிறார். மார்ஷலின் நான்கு ஸ்பீக்கர் கேபினெட் ஒன்றே 36 கிலோ; நூறு வாட் ஹெட் இருபது கிலோவைத் தொடும். மறுபக்கம், மாட்யூல் ஒவ்வொன்றும் சில நூறு டாலர். தாய்ப் பெட்டியோடு நான்கு மாட்யூல்களைக் கூட்டினால் நல்லதொரு மாடலரின் விலை தாண்டிவிடும். அந்த மாடலரிலோ பல நூறு ஆம்ப்களோடு எஃபெக்ட்களும் கேபினெட்டும் மைக்கும் சேர்ந்தே வரும், பெரும்பாலும் இலவச மேம்படுத்தல்களோடு. இரண்டு குரல்களுக்குள் நிற்பவருக்குத்தான் மாட்யூல் கணக்கு கட்டுபடியாகும். மூன்றாவதைத் தேடத் தொடங்கியவர் சேகரிப்பாளர் ஆகிவிட்டார். அவரிடம் கணக்குப் பேசிப் பயனில்லை.

எனவே யாருக்கு எது என்பதில் எனக்குப் பெரிய குழப்பமில்லை. ஏசி30-யின் மலர்ச்சியோ பழைய மார்ஷலின் முழங்கலோ வேண்டும் என்பவர் அந்த ஆம்பையே வாங்க வேண்டும். சத்தம் போட வழியில்லையென்றால் பவர் ஆம்பையும் ஸ்பீக்கரையும் சேர்த்து மாதிரியமைக்கும் நல்ல மாடலர் அடுத்தது. அங்கே மாட்யூல் மூன்றாம் இடம்தான். ஹை-கெயின் வாசிப்பவர், அதிலும் ஏற்கெனவே நல்ல பவர் ஆம்பும் கேபினெட்டும் வைத்திருப்பவர், மாட்யூலால் பெறுவது அதிகம். திருமண மண்டபம் முதல் ஸ்டூடியோ வரை ஒரே இரவில் இருபது ஒலிகளுக்குத் தாவ வேண்டிய தொழில்முறைக் கலைஞருக்கு மாடலரைத் தவிர வேறெதைச் சொல்வதும் பிடிவாதம். சினர்ஜியும் இதை உணர்ந்தேயிருக்கிறது. அண்மைக்காலத் தாய்ப் பெட்டிகள் சிலவற்றில் கேபினெட்டின் ஒலியை இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் (கேபினெட் ஒலிக்கும் விதத்தின் பதிவு) வழியாக டிஜிட்டலிலேயே தருகிறார்கள். நேர்கோட்டில் நடந்துகொள்ளும் பகுதியைக் கணக்குக்கு விட்டு, கோணலாக நடக்கும் பகுதியை வால்விடம் வைத்துக்கொள்ளும் இந்த உழைப்புப் பிரிவினை பொறியியல் நோக்கில் அர்த்தமுள்ளது. ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்த இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் டிரான்சிஸ்டர் பவர் ஆம்பால் பதிவானதாக இருந்தால், முன்பு சொன்ன ஸ்பீக்கர் மேடுபள்ளத்துக்கு வால்வு பவர் ஆம்ப் காட்டும் எதிர்வினை அதில் இருக்காது. அதை ஈக்வலைசரால் ஈடுகட்டாதவர்கள்தான் ‘மாட்யூல் தட்டையாக ஒலிக்கிறது’ என்று குறைபட்டுக்கொள்கிறார்கள்.

மாட்யூலர் முறையின் உண்மையான ஆபத்து ஒலியில் இல்லை. அந்தக் குழியில் இருக்கிறது. ராண்டால் எம்டிஎஸ்-ஐ நிறுத்தியபோது மாட்யூல்களை வாங்கிக் குவித்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். பழைய மாட்யூல்களைத் திறந்து பழுதுபார்த்தும் மாற்றியமைத்தும் கொடுத்த தனி மெக்கானிக்குகள் சிலரே அவற்றை உயிரோடு வைத்திருந்தார்கள். சினர்ஜி தன் தாய்ப் பெட்டிகளைப் பழைய எக்நேட்டர், ராண்டால் மாட்யூல்களும் பொருந்தும்படி செய்தது பாராட்டத்தக்க முடிவு. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் முடிவு. எந்த ஊரில் யார் வேண்டுமானாலும் பேஸ்மனின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அதைப் பழுதுபார்க்கலாம், புதிதாகவும் செய்யலாம். மார்ஷல் செய்தது அதைத்தான். டிஜிட்டல் பக்கத்தில் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற திறந்த மூல மென்பொருள் வந்து, ஆம்பின் பதிவை யாரும் எடுத்து யாருக்கும் கொடுக்கும் பொதுச்சரக்காக்கிவிட்டது. கனெக்டரின் அமைப்பும் வோல்டேஜ்களும் மாட்யூலின் அளவுகளும் பொதுவில் வெளியிடப்பட்டு, எந்தச் சிறு பட்டறையும் உரிமம் கேட்காமல் ஒரு மாட்யூலைச் செய்து விற்கலாம் என்ற நிலை வந்தால், ப்ரீஆம்பை மட்டும் மாற்றினால் போதுமா என்ற கேள்விக்குப் பட்டறைகளே நூறு விதமான பதில்களைச் செய்து காட்டும். அதுவரை மாட்யூல் வாங்குகிறவர், வால்வுக்கு எவ்வளவோ அவ்வளவுக்கு, அந்தக் குழியைச் செய்கிற நிறுவனத்தின் ஆயுளுக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.